வண்டியின் ‘பிக்கப்’ எங்கே இருக்கிறது? ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் சொல்லும் காற்றுக் கணக்கு

காலை எட்டரை மணி. பெருங்களத்தூரில் பிடிக்கும் நெரிசல் வண்டலூர் தாண்டியும் விடுவதில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மறுபடியும் இரண்டாவது. முன்னால் போகும் மாநகரப் பேருந்து சற்று விலகியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. வாங்கும்போது ஷோரூமில் பெருமையாகச் சொன்ன குதிரைத்திறன் எல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போனது?

இந்தக் கேள்வியோடுதான் பலர் மெக்கானிக் கடைக்குப் போகிறார்கள்.

“அண்ணே, சர்வீஸ் விட்டும் பிக்கப்பே இல்லண்ணே.”

“ஓப்பன் ஃபில்டர் போட்டுடலாம் தம்பி. காத்து நல்லா இழுக்கும், சும்மா பறக்கும்.”

சேலையூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. இதில் பாதி உண்மை. இன்ஜினின் இழுவை, அது உள்ளே இழுக்கும் காற்றில்தான் இருக்கிறது. ஆனால் காற்றுப் பாதையைத் திறந்துவிட்டால் இழுவை கூடும் என்பது மீதிப் பாதி. அது பெரும்பாலும் நேர் எதிரான பலனைத் தரும். ஏன் என்று புரிந்துகொள்ள, ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினியர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிய ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்க வேண்டும். அது காற்றுக் குழாயின் நீளம்.

பவர் வேறு, பிக்கப் வேறு

நாம் ‘பிக்கப்’ என்று சொல்வது பெரும்பாலும் டார்க், அதாவது முறுக்குவிசை. சக்கரத்தைத் திருப்பும் பலம் அது. பவர் என்பது அந்தப் பலத்தை எவ்வளவு வேகமாகச் செலுத்த முடிகிறது என்ற கணக்கு. டார்க்கையும் இன்ஜின் சுற்று வேகத்தையும் பெருக்கினால் பவர் கிடைக்கும்.

ஓர் உதாரணம். ஒரு இன்ஜின் 150 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 ஆர்பிஎம்மில் அது சுமார் 43 குதிரைத்திறன்தான். அதே டார்க்கை 6,000 ஆர்பிஎம்மிலும் விடாமல் தந்தால் சுமார் 128 குதிரைத்திறன். விளம்பரத்தில் வருவது இந்த இரண்டாவது எண். ஆனால் தாம்பரத்திலிருந்து கிளாம்பாக்கம் போகிறவர் 6,000 ஆர்பிஎம்மை ஆண்டு முழுக்கத் தொடவே மாட்டார். அவருடைய வாழ்க்கை 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில் ஓடுகிறது.

கியரைக் குறைத்தால் இழுவை கூடும் என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு முறை பேருந்தைத் தாண்டவும் கியரைக் குறைத்துக்கொண்டே இருப்பது யாருக்கும் பிடிக்காது. குறைந்த சுற்றிலேயே டார்க் கிடைக்கும் வண்டியைத்தான் நம்மூரில் ‘நல்ல பிக்கப்’ என்கிறார்கள்.

ஒரு நொடிக்கு ஒன்றரை தண்ணீர் கேன்

பெட்ரோல் இன்ஜின் எரிப்பது பெட்ரோலை மட்டுமல்ல, காற்றையும்தான். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கு ஏற்ற அளவில்தான் பெட்ரோலைத் தெளிக்க முடியும். எனவே ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அளவே டார்க்கைத் தீர்மானிக்கிறது.

1,200 சிசி இன்ஜின் ஒன்று, 3,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓடினால், நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் காற்றை இழுக்கும். நொடிக்கு 30 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில், நொடிக்கு ஒன்றரை கேன் காற்று.

இது பைப்பில் தண்ணீர் ஓடுவதுபோல ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை திறந்து மூடுகிறது. காற்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடியும் ஓடுகிறது. இந்தத் துடிப்பில்தான் விஷயமே இருக்கிறது.

புல்லாங்குழலுக்குள் ஒரு இன்ஜின்

பிஸ்டன் கீழே இறங்கும்போது வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் குறை அழுத்தம் ஓர் அலையாகக் குழாய் வழியே, வந்த வழிக்கு எதிர்த் திசையில், ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அது திரும்புகிறது. திரும்பும்போது குணம் மாறி, உயர் அழுத்த அலையாக வருகிறது.

அந்த அலை வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் காற்றைத் திணித்துவிடும். பம்ப் இல்லை, டர்போ இல்லை. காற்று தன் சொந்த அலையாலேயே தன்னைத் திணித்துக்கொள்கிறது. நன்றாக அமைந்தால், சிலிண்டரின் கொள்ளளவைவிட அதிகமான காற்றைக்கூட இப்படி அடைக்க முடியும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வெதுவெதுப்பான காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். 3,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க 10 மில்லி விநாடி ஆகிறது. 6,000 ஆர்பிஎம்மில் அது 5 மில்லி விநாடிதான். மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு அலை தாமதமாகத் திரும்ப வேண்டும், அதனால் குழாய் நீளமாக இருக்க வேண்டும். வேகமாக ஓடும் இன்ஜினுக்கு அலை சீக்கிரம் திரும்ப வேண்டும், அதனால் குழாய் குட்டையாக இருக்க வேண்டும். சுற்று வேகம் இரட்டிப்பானால், தேவைப்படும் நீளம் ஏறக்குறைய பாதியாகிறது.

நாதஸ்வரத்தில் நீளமான பாரி தாழ்ந்த சுருதியிலும், குட்டையான திமிரி உயர்ந்த சுருதியிலும் ஒலிப்பது நமக்குத் தெரியும். அதே கதைதான் இங்கும். ஒரே நீளக் குழாயோடு வரும் இன்ஜின், ஒரே சுருதியில் மட்டும் நன்றாகப் பாடும். அந்தச் சுருதிக்கு மேலும் கீழும் மூச்சு வாங்கும்.

இதற்கான தீர்வுதான் மாறும் காற்றுப் பாதை. புல்லாங்குழலில் ஒரு துளையிலிருந்து விரலை எடுத்தால் குழலின் நீளம் குறைந்ததுபோல ஆகிறது அல்லவா? இன்ஜினிலும் அப்படித்தான். நீண்ட குழாயின் நடுவே ஒரு மடல் இருக்கும். குறைந்த சுற்றில் அது மூடியிருக்கும், காற்று முழு நீளத்தையும் சுற்றி வரும். சுற்று ஏறியதும் இன்ஜின் கணினி மடலைத் திறக்கும், காற்று குறுக்கு வழியில் நேராக உள்ளே போகும். ஒரே இன்ஜினுக்குள் பாரியும் உண்டு, திமிரியும் உண்டு.

கிரைஸ்லர் முதல் போர்ஷே வரை

குழாயின் நீளத்துக்கு இவ்வளவு சக்தி உண்டு என்பதை 1960-ல் வெளிவந்த அமெரிக்காவின் கிரைஸ்லர் 300எஃப் கார் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதன் வி8 இன்ஜினில் காற்றுக் குழாய்கள் 30 அங்குல நீளம். 375 குதிரைத்திறன், 2,800 ஆர்பிஎம்மிலேயே சுமார் 670 நியூட்டன் மீட்டர் டார்க். வேகப் பிரியர்களுக்காக இன்னொரு வடிவமும் இருந்தது. அதில் குழாய்களின் பயன் நீளம் பாதியாகக் குறைக்கப்பட்டது, வேறு சில மாற்றங்களும் செய்யப்பட்டன. பவர் 400 ஆக ஏறியது. டார்க் சுமார் 630-க்கு இறங்கியது, அதுவும் 3,600 ஆர்பிஎம்மில்தான் கிடைத்தது. பவர் வேண்டுமா, பிக்கப் வேண்டுமா என்று வாங்குபவரே ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டும் வேண்டும் என்றவர்கள் அடுத்து வந்தார்கள். 1991-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜப்பானின் மாஸ்டா 787பி வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. அதன் ரோட்டரி இன்ஜினில் காற்றுக் குழாய்கள், தேவைக்கேற்ப நீளவும் குறுகவும் கூடியவை.

சாலையில் ஓடும் கார்களில் புகழ்பெற்ற உதாரணம், போர்ஷே 911-ன் ‘வேரியோராம்’. 993 என்ற தலைமுறையில், 1996 மாடலுக்கு இந்த அமைப்பு வந்தது. சுமார் 5,000 ஆர்பிஎம் வரை நீண்ட குழாய்கள் வேலை செய்யும். அதற்கு மேல் குழாயின் மீதுள்ள உறைகள் நகர்ந்து குட்டைப் பாதையைத் திறக்கும். வால்வுகளும் சற்றுப் பெரிதாக்கப்பட்டன. அதே 3.6 லிட்டர் இன்ஜினின் பவர் 272-லிருந்து 285 ஆனது. உச்ச டார்க் 330-லிருந்து 340 நியூட்டன் மீட்டர் ஆனது. ‘பத்துதானே கூடியிருக்கிறது’ என்று தோன்றலாம். உண்மையான லாபம் உச்சத்தில் இல்லை. அன்றாடம் ஓட்டும் நடு வேகங்களில் டார்க் பள்ளம் விழாமல் நிரவப்பட்டதில்தான் இருக்கிறது.

2001-ல் பிஎம்டபிள்யூ இன்னொரு படி மேலே போனது. அதன் என்62 வி8 இன்ஜினில், இரண்டு நிலை, மூன்று நிலை என்றில்லாமல், குழாயின் நீளம் தொடர்ச்சியாக மாறியது. பைக் உலகமும் சும்மா இருக்கவில்லை. 2007 யமஹா ஆர்1-ல் காற்றுப் புனல் இரண்டு துண்டாக இருந்தது. சுமார் 10,400 ஆர்பிஎம்மில் மேல் துண்டு தூக்கிக்கொள்ள, புனல் குட்டையாகிவிடும்.

இதில் ஜிஎஸ்டி சாலைக்கு என்ன வேலை?

இது ஏதோ ஜெர்மனிக் கதை என்று தள்ளிவிட முடியாது. தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை. இன்னும் போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலை, மகிந்திராவின் ஆராய்ச்சி மையம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் திரும்பினால் ஒரகடத்தில் ரெனோ - நிஸான், ராயல் என்ஃபீல்டு, வாகனப் பரிசோதனைக்கான தேசிய மையம். இரும்பேடு, படப்பை, ஊரப்பாக்கம் பக்கம் குடியிருக்கும் பலருக்கு இன்ஜின்தான் சோறு போடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக்கும் 1990 முதல் இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி, போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது கொண்டாடாத தெரு இங்கே குறைவு. அந்தக் கார் 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் உச்ச பவரைத் தருவது. ரேஸ் டிராக்கில் சுற்று கீழே இறங்க விடமாட்டார்கள், அதனால் அது அங்கே சரி. ஜிஎஸ்டி சாலைக்கு அது சரிவராது.

நம் பட்ஜெட் கார்களில் இதே பிரச்சினைக்கு இன்று வேறு விடை வந்துவிட்டது. அது டர்போ. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு என்பதால், சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இழுவையை எடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு. ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு இன்ஜின்களும் 999 சிசிதான். டர்போ இல்லாததில் 96 நியூட்டன் மீட்டர், 3,500 ஆர்பிஎம்மில். டர்போவும் மேனுவல் கியரும் உள்ளதில் 160 நியூட்டன் மீட்டர், 2,800 ஆர்பிஎம்மிலிருந்தே. காற்றைப் பம்ப் வைத்தே திணித்துவிடுவதால் அலைக் கணக்கின் முக்கியத்துவம் குறைந்துவிட்டது.

மின்சார வாகனத்தில் அந்தக் கணக்கே இல்லை. நின்ற இடத்திலேயே முழு டார்க் கிடைக்கும். சிக்னலில் மின்சார ஸ்கூட்டர் முதலில் பாய்வதற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் டர்போ இல்லாத லட்சக்கணக்கான பெட்ரோல் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் இந்தச் சாலையில் ஓடத்தான் போகின்றன. அவற்றின் காற்றுப் பாதையை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் கடையில் அரை மணி நேரத்தில் கழற்றி எறியப்படுவது அந்தக் கணக்குதான்.

ஓப்பன் ஃபில்டர் என்ன செய்கிறது?

முதலில் சூடு. நிறுவனம் தரும் ஏர் பாக்ஸ், வெளிக்காற்றை முன்பக்கத்திலிருந்து கொண்டுவருகிறது. அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை பானட்டுக்குள் அப்படியே மாட்டினால், இன்ஜினின் சூடான காற்றையே அது இழுக்கும். வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 65 டிகிரி என்றால், காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். பிக்கப் வேண்டும் என்று செலவு செய்தவர், பிக்கப் தேவைப்படும் இடத்திலேயே அதை இழக்கிறார்.

இரண்டாவது, சத்தம். ஏர் பாக்ஸும் அதோடு ஒட்டியிருக்கும் ரெசொனேட்டர் டப்பாவும் உறிஞ்சும் சத்தத்தை அடக்குகின்றன. அவை போனதும் இன்ஜின் உறுமுகிறது. உறுமல் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. ‘சும்மா பறக்குது’ என்ற சான்றிதழில் பாதி இந்தக் காது கொடுப்பதுதான்.

மூன்றாவதுதான் தென்சென்னைப் புறநகருக்கு மிக முக்கியமானது. அது மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள்.

நிறுவனங்கள் காற்று உறிஞ்சும் வாயைப் பொதுவாக முன்பக்கத்தில் உயரத்தில் வைப்பது காரணமில்லாமல் அல்ல. ‘கோல்ட் ஏர் இன்டேக்’ என்ற பெயரில் விற்கும் சில அமைப்புகள் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ்வாகக் கொண்டுபோய் வைக்கின்றன. குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மை. ஆனால் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

சாதாரண காப்பீட்டில் இந்தச் செலவு பல நேரம் வராது. அதற்கென்று ‘இன்ஜின் புரொடெக்ட்’ கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்திருந்தாலும், நிறுவனம் தராத பாகம் பொருத்தப்பட்டிருந்தால் கேள்விகள் எழும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

பிக்கப் குறைந்தால் காரணம் பல நேரம் எளிமையானதாகவே இருக்கும். தூசு அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, காற்றழுத்தம் குறைந்த டயர், தேய்ந்த கிளட்ச், பழைய ஸ்பார்க் பிளக். மாறும் காற்றுப் பாதை உள்ள வண்டியென்றால் கூடுதலாக ஒன்று. கரிப் படிவால் மடல் சிக்கிக்கொள்ளலாம், அதை இயக்கும் வேக்குவம் குழாய் விரிசல் விடலாம். மடல் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால், மேலே நன்றாக ஓடும் வண்டி கீழ்ச் சுற்றில் மட்டும் சோர்ந்துபோகும். இதைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய, புதுப் பாகம் எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவான வழி.

இரண்டு எண்கள் போதாது

வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க முடியாது. பவர் இவ்வளவு, டார்க் இவ்வளவு என்று இரண்டு உச்ச எண்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பத்து லட்சம் ரூபாய்க்கு வண்டியை விற்பது நியாயமில்லை. உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட, அந்த உச்சிக்கு முன்னால் பள்ளம் இருக்கிறதா, மேடு எங்கே தொடங்குகிறது என்பதுதான் ஓட்டுபவருக்கு வேண்டும். அதைச் சொல்வது டார்க் வளைகோடு. ஒவ்வொரு இன்ஜினையும் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்த நிறுவனத்திடம் அந்த வரைபடம் இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை. மைலேஜ் எண்ணை அச்சடிக்கும் கையேட்டில் அதற்கும் கால் பக்கம் ஒதுக்கலாம். இந்தியாவின் கார் உற்பத்தியில் பெரும் பங்கு வகிக்கும் சென்னைப் புறநகரின் ஆலைகளிலிருந்தே அந்த வழக்கம் தொடங்கலாம்.

அதுவரை, புது வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி எளியது. ‘பவர் எவ்வளவு?’ என்பதோடு, ‘டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது?’ என்றும் கேட்க வேண்டும். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் போகாமல், ஒரு வேலைநாள் காலையில், பெருங்களத்தூர் நெரிசலில் போய்ப் பார்க்க வேண்டும். பேருந்து விலகியதும் வரும் அந்த ஒரு நொடியில், கையேடு சொல்லாததை வண்டியே சொல்லிவிடும்.